ஸ்டோர் அறை யன்னல்

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசல் மணியை அடித்தது பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். அது போன ஏப்ரலில். அதற்கு முன்பு அவருக்கு மணி தேவைப்படவில்லை. இரண்டு வீட்டுப் பின்வளவுக்கும் நடுவில் உள்ள மரவேலியில் ஒரு பலகைத் தட்டி எப்போதோ அடித்த காற்றில் விழுந்துபோனது. விழுந்ததை யாரும் திரும்ப வைக்கவில்லை. அந்த இடைவெளிதான் எங்கள் பாதை. கறிவேப்பிலை, கறிச்சட்டி, காய்ச்சல் குளிசை, ஊர்ப்புதினம் எல்லாம் அதால்தான் போய் வந்தன. அந்த இடைவெளியை அடைத்தவள் நான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் எண்ணம் இல்லை, காட்டவும் முடியாது.

மிச்சம் என்ற இந்த ஊரில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று, சாமான் இறக்குவதற்கு முன்பே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "வாங்கோ, வாங்கோ! முதல்ல வந்து தேத்தண்ணி குடியுங்கோ, பெட்டி ஓடிப்போகாது." அவர்தான் அக்காவின் கணவர், எங்களுக்கு அண்ணை. எவரைக் கண்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "வாங்கோ"தான். தபால்காரன், குப்பை எடுக்க வருகிறவர்கள், மீட்டர் பார்க்க வருகிற வெள்ளைக்காரப் பெண், ஒருவரும் தப்பவில்லை. அவர்களுக்கெல்லாம் அந்த ஒரு தமிழ்ச்சொல் தெரிந்திருந்தது.

போன வருடம் கோடையில் அண்ணையைக் காணவில்லை. ஒரு கிழமையாகக் கண்ணில் படவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

"அவர் கனடாவில தம்பி வீட்ட போட்டார். கொஞ்ச நாள் நிண்டிட்டு வருவார்," என்றார் அக்கா. கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

மனைவியிடம் கேட்காமல் பக்கத்துக் கடைக்கே போகாத மனிதர் தனியாகக் கனடா போனாராம். நான் பதினான்கு வருடமாக மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். மனிதர்கள் நோயை எப்படி ஒளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கடையிலேயே மருந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா அந்த மாதத்திலிருந்து அங்கே வரவில்லை, பஸ் ஏறி வேறு ஊர்க் கடைக்குப் போகத் தொடங்கினார். பழைய சூட்கேசும் அரிசி மூட்டையும் கிடந்த அவர்களுடைய பின்பக்க ஸ்டோர் அறை யன்னலில் புதிதாக ஒரு திரை தொங்கியது. பகலிலும் உள்ளே விளக்கு எரிந்தது. காலையும் மாலையும் சீருடை போட்ட ஒரு பெண் வந்து போனாள். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் கண்டது இவ்வளவு, காணாதது எவ்வளவோ.

நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: சொல்லாத நோயைக் கேட்கக்கூடாது. அதுவும் வீட்டில் பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது மூச்சே விடக்கூடாது. அக்காவின் மகளுக்கு அப்போதுதான் பக்கத்து ஊரான சட்டனில் ஒரு இடம் சரிவந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பகுதியினர் சாதகக் குறிப்பு மட்டும் பார்க்க மாட்டார்கள். பரம்பரையில் சீனி வருத்தமா, இதய வருத்தமா, பாரிசவாதமா என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். அக்கா ஒன்று சொல்லியிருக்கிறார், போகட்டும் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று சிரிப்பும் வந்தது. கோபமும் வந்தது. பத்தொன்பது வருடம் என் கையால் வாங்கிக் குடித்தவர், என்னிடமுமா மறைப்பது?

அந்தக் கோபத்தை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அக்டோபரில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் காஸ் பொய்லர் செத்தது. திருத்த வந்தவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். என் கணவர் ஏற்கெனவே ஹீட் பம்ப் பைத்தியம் பிடித்திருந்தவர். வெளியே ஒரு பெட்டி வைத்தால் அது காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் அனுப்பும், காஸ் தேவையில்லை, அரசாங்கமும் உதவி தரும் என்று ஒரு வருடமாக எனக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "இஞ்சேரும், டிசம்பர் நத்தாருக்கு முதல் பூட்டிப்போடுவம்," என்றார். அளவெடுக்க ஆள் வந்த அன்று அவருக்கு வேலை. நான்தான் வீட்டில் நின்றேன்.

வந்தவன் மரியாதையான வெள்ளைக்காரப் பொடியன். கையில் ஒரு டேப்லெட், தூரம் அளக்கும் சிவப்பு ஒளிக்கருவி. பின்வளவில் நின்று விளக்கினான். கவுன்சிலுக்கு, அதுதான் நகரசபைக்கு, விண்ணப்பிக்காமலே பூட்டலாம், ஆனால் சத்தக் கணக்குச் சரிவர வேண்டும். பக்கத்து வீட்டில் மனிதர் வாழும் அறை எதுவோ, அதில் கிட்ட உள்ள யன்னலுக்கு வெளியே பெட்டியின் சத்தம் எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போடுவார்களாம். படுக்கையறை, இருக்கிற அறை கணக்கில் வரும். குசினி, குளியலறை, ஸ்டோர் வராது. முன்பு வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்றும் இருந்ததாம், இப்போது அதை எடுத்துவிட்டார்களாம்.

எங்கள் குசினிச் சுவரோடு வேலியோரமாக வைப்பதுதான் லேசு என்றான். குழாய் நீளம் குறைவு, இரண்டு நாளில் வேலை முடியும். பிறகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். திரை போட்ட அந்த யன்னல் கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டும் தூரம்.

அது என்ன அறை என்று கேட்டான்.

அது படுக்கையறை என்றால் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அப்படியென்றால் இந்த இடத்தில் கணக்குத் தேறாது, என்றான். வளவின் கடைசியில் ஷெட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், கல் பதித்த தரையைக் கிண்ட வேண்டும். இங்கேயேதான் வேண்டுமென்றால் கவுன்சிலுக்கு விண்ணப்பம், வரைபடம், பக்கத்து வீட்டாருக்கு அறிவித்தல், எட்டுக் கிழமை காத்திருப்பு. வீடு அப்போதே குளிர்ந்துபோய்க் கிடந்தது. அந்தக் கல்லை என் கணவர் போன கோடையில் முழங்கால் தேயத் தேயப் பதித்திருந்தார்.

"அது ஸ்டோர் ரூம்," என்றேன். "அங்கே ஒருவரும் படுப்பதில்லை."

பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்காரியே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை கனடாவில்; ஸ்டோர் அறையில் அரிசி மூட்டை. அவர்கள் சொன்ன பொய் எனக்கு வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். உனக்கு மறைக்கத் தெரிந்தால் எனக்கு நம்பவும் தெரியும் என்று அந்த நிமிடத்தில் மனதுக்குள் ஒரு கறுவல் இருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொடியன் அவர்கள் வீட்டு மாடியிலிருந்த படுக்கையறை யன்னலை வைத்துக் கணக்குப் போட்டான். அதுவும் மயிரிழையில் இடித்தது. வேலியில் உள்ள ஓட்டையைப் பலகையால் முழுதாக அடைத்தால் சத்தம் தடுபடும் என்று கணக்கில் சேர்க்கலாம், தேறிவிடும் என்றான். அடைக்கலாமா என்று கேட்டான். அடையுங்கள் என்றேன்.

நவம்பரில் பூட்டினார்கள். முதல் நாளே தட்டி வந்து இறங்கியது, பழைய பாதை பத்து நிமிடத்தில் இல்லாமல் போனது. இரண்டாம் நாள் சுவரோரத்தில் பெட்டி நின்றது. பெரிய விசிறி வைத்த வெள்ளைப் பெட்டி. வேலையாட்கள் போன பிறகு அக்காவின் தலை வேலிக்கு மேலே தெரிந்தது. எதிலோ ஏறி நின்றிருக்க வேண்டும்.

"ஏன் பிள்ளை இதை இஞ்ச வச்சனியள்?"

"சட்டப்படிதான் அக்கா. கணக்கெல்லாம் பாத்துத்தான் வச்சவை. அந்தப் பக்கம் உங்கட ஸ்டோர் தானே?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய உதடு ஒருமுறை அசைந்தது. இல்லை, அங்கே அவர் படுத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பெட்டியைக் கழற்றியிருப்பேன். இப்படி நினைத்துத்தான் இன்றைக்கும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். உண்மையில் கழற்றியிருப்பேனா, தெரியாது.

"ஓம்," என்றார் அக்கா. "ஸ்டோர் தான்."

தலை கீழே இறங்கியது.

அந்தப் பெட்டியின் சத்தம் பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. பக்கத்து அறையில் யாரோ உழுந்து அரைக்கிற மாதிரி ஒரு உறுமல். வீட்டுக்குள் எங்களுக்குக் கேட்பதே இல்லை. நல்ல குளிர் நாளில்தான் மூச்சு வாங்கும். உறைந்த பனியை உருக்குவதற்கு இடையிடையே உஸ் என்று ஆவி விட்டு, நின்று, ஒரு உதறலோடு திரும்பத் தொடங்கும். எங்கள் வீடு கதகதப்பாக இருந்தது. என் கணவர் பனியனோடு திரிந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் பின்கதவைத் திறந்து பெட்டியைக் காட்டினார்.

டிசம்பரில் ஸ்டோர் யன்னலில் திரைக்கு மேல் ஒரு தடித்த போர்வை தொங்கியது. பிறகு மெத்தை ஒன்றை நிமிர்த்திக் கண்ணாடியோடு சாத்தி வைத்திருந்தார்கள். அரிசி மூட்டைக்குக் காது வலிக்கிறது போல என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதே மாதம் என் எவர்சில்வர்ச் சட்டி எங்கள் வாசற்படியில் இருந்தது. தீபாவளிக்கு நான் பலகாரம் போட்டு அனுப்பியது. கழுவித் துடைத்து, வெறுமையாக வைத்துவிட்டுப் போயிருந்தார். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் இருந்ததில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஜனவரியில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் இயந்திரத்தின் சத்தம் பற்றி முறைப்பாடு கிடைத்திருக்கிறதாம். யார் என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

"எரிச்சல்," என்றார் என் கணவர். "நாங்கள் சூடா இருக்கிறது பொறுக்கேல்லை."

நானும் அதைத்தான் சொன்னேன். மருந்துக் கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், ஒரு பிறந்தநாள் வீட்டில் பதினைந்து பேர் நடுவில் சொன்னேன். எங்களிடம் சான்றிதழ் இருந்தது, கணக்குப் போட்ட தாள் இருந்தது, வேலி அடைத்த படம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு மேசையில் வைத்துக்கொண்டு அதிகாரிக்காகக் காத்திருந்தோம்.

அதிகாரி ஒரு பெண். நேராகப் பேசினார். முறைப்பாட்டில் கீழே உள்ள பின்னறை என்று எழுதியிருப்பதால் அந்த அறைக்குள் மீட்டரை வைத்து அளக்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்குப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. இப்போது கதவு திறக்கும், அந்தப் பெண் உள்ளே போவார், கட்டிலையும் கட்டிலில் கிடக்கிறவரையும் காண்பார், என் ஸ்டோர் அறைக் கதை நாறும் என்று குசினியில் நின்று விரலைக் கடித்தேன்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். முறைப்பாட்டில் ஏதோ தவறு நடந்திருக்கிறது, அந்த வீட்டு அம்மா தங்களுக்குச் சத்தத்தால் ஒரு கரைச்சலும் இல்லை, பின்னறை வெறும் ஸ்டோர் என்கிறார், உள்ளே விடவும் விரும்பவில்லை என்றார். எங்கள் தாள்களைப் புரட்டிப் பார்த்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். சில நாளில் விஷயம் முடிந்தது என்று கடிதம் வந்தது. என் கணவர் அதையும் கோப்பில் வைத்தார். நாங்கள் வென்றுவிட்டோம்.

அக்கா மணி அடித்தது இதற்குப் பிறகு, ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை காலை. கதவைத் திறந்தபோது முதலில் எனக்கு ஆளைத் தெரியவில்லை. ஐந்து மாதத்தில் ஒரு மனிசி இவ்வளவு மெலிய முடியுமா? உள்ளே வரச் சொன்னேன். வாசலுக்கு உள்ளே ஒரு அடி வைத்து, சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார்.

"உங்களுக்குத் தெரியும் தானே பிள்ளை," என்றார்.

என்ன தெரியும் என்று கேட்கிற வெட்கங்கெட்டதனம் எனக்கு அன்றைக்கு வரவில்லை. "ஓம் அக்கா," என்றேன்.

"பாரிசவாதம். போன ஆடியில வந்தது. ஒரு பக்கம் ஏலாது. கதையும் போட்டுது." முகத்தைத் துடைக்கவில்லை, அழவும் இல்லை. "கவுன்சிலுக்கு எழுதினது என்ர பெட்டை. அப்பாவுக்கு நித்திரை இல்லை எண்டு நிண்டவள். நான் தான் அந்த மனிசியைத் திருப்பி அனுப்பினனான். அவையள் வந்து எழுதிக்கொண்டு போனால் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும் எண்டு பயம்."

"அக்கா, நாங்கள் அதை அங்கால ஷெட்டடியில மாத்துறம். இண்டைக்கே ஆளுக்குச் சொல்லுறன்."

"இப்ப வேண்டாம்." அவசரமாகச் சொன்னார். "நான் அதுக்கு வரேல்லை. நாளைக்குப் பின்னேரம் சட்டன் ஆக்கள் வீடு பாக்க வருகினம். அவருக்கு வேற ஒரு சொல்லும் வராது பிள்ளை, 'வாங்கோ' மட்டும் வரும். கார்க் கதவு சாத்துற சத்தம் கேட்டால் காணும், உரத்துக் கூப்பிடத் தொடங்கிடுவார். முன் ஹோல் வரைக்கும் கேட்கும். வாயைப் பொத்த ஏலுமே?"

அவர் பின்வளவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"உங்கட மெசினை அந்த ரெண்டு மணித்தியாலம் நல்லாப் பெரிசா ஓட விடுவீங்களே? அது ஓடினால் அவற்ற சத்தம் எடுபடாது."

செவிட்டில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் சத்தத்தை நிறுத்தச் சொல்லி வந்திருப்பார் என்றுதான் அந்த ஒரு நிமிடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி மறைக்காதீர்கள், அவரைக் கதிரையில் வைத்து வாசலுக்குக் கொண்டுவாருங்கள், வருகிறவர்கள் மனிதர்கள் என்றால் விளங்குவார்கள் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லும் உரிமையை நவம்பரில் நானே தொலைத்துவிட்டேன். "ஓட விடுறன் அக்கா," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் படலையால் சுற்றி வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு நல்ல வெயில். வெயிலுக்கு அந்தப் பெட்டி தானாக ஓடாது. அதனால் இரண்டு மணிக்கே சூட்டை உச்சத்துக்கு ஏற்றினேன். அதுவும் போதவில்லை. வீடு சூடானால் அது அடங்கிவிடும் என்று மாடியிலும் கீழேயும் எல்லா யன்னலையும் திறந்தேன், சுடுதண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டேன். பைத்தியமா என்று கேட்ட கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எழும்பிப் போய் மற்றக் குழாயையும் திறந்துவிட்டார்.

மூன்று மணிக்கு இரண்டு கார் வந்தது. கதவுகள் சாத்தும் சத்தம், சிரிப்பு, பட்டுச் சேலைச் சரசரப்பு. நான் பின்வளவில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அது மாசி மாதக் குளிருக்கு ஓடுவதுபோல உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், மெத்தையும் போர்வையும் சாத்திய யன்னலுக்குள்ளிருந்து, அவர் தொடங்கினார். வேலியோரத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. "வாங்கோ. வாங்கோ. வாங்கோ." மகளைப் பெண் கேட்டு வந்தவர்களை வீட்டுக்காரர் வரவேற்றுக்கொண்டிருந்தார். முன் ஹோலில் ஒருவருக்கும் கேட்டிருக்காது, என் பெட்டி அவ்வளவு திறமாக வேலை செய்தது.

ஐந்தரைக்குக் கார்கள் போயின. சம்பந்தம் சரி, கல்யாணம் புரட்டாசிக்கு முன் என்று பிறகு தெரிந்தது. நான் உள்ளே போய்ச் சூட்டை இறக்கி, குழாய்களை மூடினேன். விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பின்வளவு அமைதியாக இருந்தது. புதுத் தட்டிக்குக் கிட்டப் போனேன். காலுக்குக் கீழே சரளைக்கல் நொறுநொறுத்தது. அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"வாங்கோ," என்றார்.

களைத்த குரல், ஆனாலும் அதே குரல், பத்தொன்பது வருடத்துக்கு முன் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டது. நான் தட்டியில் கை வைத்தபடி நின்றேன். அடுத்த வீட்டுக் குசினியில் அக்காவின் மகள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளி யாரோ வளவில் கதைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களும் தமிழ் ஆட்கள்தான். அவர் திரும்பவும் கூப்பிட்டார். "வாறன் அண்ணை" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடியும் வரைக்கும் அவர் கனடாவில் நிற்கிறார்.